தொலைமருத்துவமும் ஔஷத தானமும்

(நம் அறக்கட்டளையின் மகாவீரர் ஜெயந்தி விழாவில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சமயச் சான்றோர் வீற்றிருந்து அறவுரை வழங்கும் இம்மேடையில் மருத்துவன் ஒருவனுக்கும் இடம் தந்திருக்கிறீர்கள். சமய நூல்களில் எனக்குப் புலமை இல்லை. ஆயினும் நம் முன்னோர் அறத்தையும் மருந்தையும் வெவ்வேறாகக் கருதியவர்கள் அல்லர். ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்துக்கும் ஓரிடம் தந்தார்கள். சமணப் புலவர் காரியாசான், ஐந்து வேர்களால் ஆகிய மருந்தின் பெயரைத் தம் நீதிநூலுக்கு இட்டுச் சிறுபஞ்சமூலம் என்றார். கணிமேதாவியார் ஏலம் முதலான ஆறு பொருள்கள் சேர்ந்த மருந்தின் பெயரால் ஏலாதியை இயற்றினார். அந்த மரபு தரும் துணிவில் உங்கள் முன் நிற்கிறேன்.

சில ஆண்டுகளாக நான் பெரும்பாலும் தொலைமருத்துவத்தின் வழியாகவே நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். என் வீட்டின் ஓர் அறையே என் மருத்துவமனை. இரண்டு திரைகள் இருக்கும். ஒன்றில் நோயாளியின் முகம் தெரியும். மற்றொன்றில் அவருடைய மூளையின் ஸ்கேன் படம் தெரியும். முதன்முதலாக இம்முறையில் நான் பார்த்த மூதாட்டி ஒருவர் என்னை நெடுநேரம் உற்று நோக்கிவிட்டு, “தம்பி, என் கையைத் தொட்டு நாடி பார்க்காத நீ எப்படி வைத்தியன்?” என்று கேட்டார். அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. இன்றைய என் உரை அந்த அம்மையாருக்கு நான் காலந்தாழ்த்திச் சொல்லும் விடை என்று கொள்ளுங்கள்.

முதலில் இம்முறையின் வரலாற்றைச் சிறிது கூறுகிறேன். தொலைவிலிருந்து நோயறிதல் நேற்று வந்ததன்று. 1905-ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்தின் லைடன் நகரில் ஐந்தோவன் என்னும் அறிஞர், மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளியின் இதயத்துடிப்பை ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வுக்கூடத்தில் தொலைபேசிக் கம்பி வழியாகப் பதிவு செய்தார். நம் அண்டை மாநிலத்தில், சித்தூர் மாவட்டத்து அரகொண்டா என்னும் சிற்றூரில், 2000-ஆம் ஆண்டில் செயற்கைக்கோள் வழியான தொலைமருத்துவம் தொடங்கப்பெற்றது. 2020-ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று, பெருந்தொற்றுக் காலத்தில், நம் நாட்டில் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகள் வெளியாயின. மருத்துவர் தம் பதிவெண்ணைத் தெரிவிக்க வேண்டும்; நோயாளியின் இசைவு வேண்டும்; போதைத் தன்மையுள்ள சில மருந்துகளை இவ்வழியில் எழுதித் தரக்கூடாது; நேரில் பார்த்தே தீரவேண்டிய நோய் என்று தோன்றினால் மருத்துவர் அதனை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பன அவற்றுள் சில. இன்று நடுவண் அரசின் இ-சஞ்சீவனிச் சேவை வாயிலாகக் கட்டணமின்றியே மருத்துவரின் அறிவுரையைப் பெற இயலும்.

மற்ற மருத்துவத் துறைகளைவிட நரம்பியலுக்கு இம்முறை ஓரளவு நன்றாகவே பொருந்துகிறது. காரணம், எங்கள் துறையில் பாதி நோயறிதல் நோயாளியின் வாய்மொழியில் இருக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி கண்ணால் காணத்தக்கது. புருவத்தை உயர்த்தச் சொல்வேன். பல் தெரியச் சிரிக்கச் சொல்வேன். இரு கைகளையும் முன்னே நீட்டிக் கண்களை மூடிப் பத்து எண்ணச் சொல்வேன். வலுவிழந்த கை தானே மெல்லத் தாழும். பெருவிரலையும் சுட்டுவிரலையும் விரைந்து தட்டச் சொல்வேன். பார்க்கின்சன் நோயில் அத்தட்டல் வரவரச் சிறுத்துப்போகும். ஒரு வரி எழுதச் சொல்வேன். அந்நோயில் எழுத்தும் சிறுத்துவிடும். வலிப்பு வந்தபோது வீட்டார் கைப்பேசியில் எடுத்த அரை நிமிடக் காட்சி, அரை மணி நேர விளக்கத்தைவிட எனக்குப் பயன்பட்டதுண்டு.

ஆனால் காண முடியாதவையும் உள. தசையின் இறுக்கத்தைத் திரை காட்டாது. முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்க்க என் கை அங்கே இல்லை. பாதத்தின் உணர்ச்சியையும் கண்ணின் உட்புறத்தையும் நான் அறிய மற்றொருவர் அங்கே வேண்டும். இவ்விரண்டு பக்கங்களையும் உணர்த்திய மூன்று நிகழ்ச்சிகளை உங்களிடம் கூற விரும்புகிறேன்.

முதல் நிகழ்ச்சி என் தந்தையாரைப் பற்றியது. அவர் ஊரிலேயே வாழ்ந்த உழவர். நாள்தோறும் ஜினாலயத்தில் வழிபாட்டின்போது அவர் குரல் தனியே கேட்கும். பல ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் விடியற்காலையில் அவருடைய வலக்கை தளர்ந்தது, பேச்சுக் குழறியது. வாயுப் பிடிப்பு என்று கருதி எண்ணெய் தேய்த்தார்கள். வெயில் ஏறிய பின்னர் அருகிலிருந்த நகரத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே ஸ்கேன் கருவி இல்லை. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்து சென்னைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அதன்பின் ஏழு ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாது. ஆனால் மாலையில் நாங்கள் பஞ்ச நமஸ்காரத்தின் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தால், இறுதிவரை பிழையின்றிக் கூறி முடிப்பார். வழக்கத்தில் ஊறிய மொழி, மூளையில் வேறு வழியாகவும் காக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பின்னாளில் படித்து அறிந்தேன். மகனாக அன்று நான் அறிந்தது ஒன்றுதான்: அந்த ஒரு பகற்பொழுதில் நாங்கள் எதையோ இழந்துவிட்டோம். நான் நரம்பியலைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

இழந்தது எதனை என்று இப்போது சொல்கிறேன். பக்கவாதம் பெரும்பாலும் மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதால் வருகிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்து உண்டு. அது மூன்று மணி நேரத்துக்குள் பயன் தரும் என்பது 1995-இலும், நாலரை மணி நேரம் வரையிலும் பயன் தரும் என்பது 2008-இலும் ஆய்வுகளால் உறுதிப்பட்டது. பெரிய குழாயின் அடைப்பைக் கம்பிவலை கொண்டு வெளியே எடுக்கும் முறை, தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் உதவலாம். ஆனால் இரத்தக் கசிவினால் வந்த பக்கவாதத்துக்கு இக்கரைப்பு மருந்தைக் கொடுத்தால் கேடு விளையும். எனவே ஸ்கேன் எடுக்காமல் மருந்து தர இயலாது. ஸ்கேனைப் பார்த்து முடிவெடுக்க ஒருவர் வேண்டும். ஸ்கேன் கருவி இருந்தும் நரம்பியல் மருத்துவர் இல்லாத ஊர்கள் பல. அந்த இடைவெளியைத்தான் தொலைமருத்துவம் நிரப்புகிறது.

இரண்டாம் நிகழ்ச்சி அத்தகையது. ஒரு நாள் காலை ஆறு மணி கடந்த நேரத்தில் மாவட்டத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அறுபது வயது கடந்த அம்மையார், வலப்பக்கம் செயலற்றிருந்தது, பேச்சு இல்லை. பணியிலிருந்த இளம் மருத்துவர் பதற்றத்துடன் இருந்தார். ஸ்கேனில் இரத்தக் கசிவு இல்லை. நான் கேட்ட முதல் கேள்வி, “இவர் கடைசியாக நலமாக இருந்தது எப்போது?” என்பது. மகன், “இரவு ஒன்பது மணிக்குப் படுக்கச் சென்றார், ஐயா; காலையில் ஐந்து மணிக்கு விழுந்து கிடந்ததைப் பார்த்தோம்” என்றார். இரவு ஒன்பதிலிருந்து கணக்கிட்டால் ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டது. கரைக்கும் மருந்துக்கு வழியில்லை. அப்போது பின்னால் நின்ற மருமகள் தயங்கித் தயங்கி, “இல்லை ஐயா, நாலரை மணிக்கு அத்தை வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள். பால்காரரிடம் பேசியதும் என் காதில் விழுந்தது” என்றார். அந்த ஒரு சொல்லால் கணக்கு மாறியது. நாலரை மணிக்குக் கோலமிட்டுப் பேசியவருக்கு, அதன் பின்னரே நோய் தாக்கியிருக்க வேண்டும். செவிலியர் நான் சொல்லச் சொல்ல நோயாளியின் கையையும் காலையும் தூக்கிக் காட்டினார்; நான் அளவிட்டேன். ஏழு மணிக்குள் மருந்து செலுத்தப்பட்டது. மறுநாள் அந்த அம்மையார் தம் மருமகளைப் பெயர் சொல்லி அழைத்தார். வலக்கையில் சிறிது தளர்ச்சி எஞ்சியது. கோலமிட அது தடையாகவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

எல்லா நோயாளிகளுக்கும் இம்மருந்து இவ்வாறு பலன் தருவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் உரிய காலத்தில் வராதவர்க்கு அந்த வாய்ப்பே இல்லை. அன்று அவ்வம்மையாரைக் காத்ததில் என் படிப்புக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு அந்த மருமகளின் கண்ணுக்கும் நாவுக்கும் உண்டு. பெரியவர்கள் பேசும் இடத்தில் நமக்கென்ன என்று அவர் வாய்மூடி இருந்திருந்தால், என் திரைகள் இரண்டும் பயனற்றுப் போயிருக்கும்.

மூன்றாம் நிகழ்ச்சி என் பிழையைப் பற்றியது. அதனை மறைத்தால் இவ்வுரை முழுமையாகாது. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். நம்மைப் போலப் புலால் உண்ணாதவர். நெடுங்காலச் சர்க்கரை நோயாளி. கால் மரத்துப்போகிறது, எரிகிறது என்று திரையில் என்னிடம் கூறினார். சர்க்கரையினால் வந்த நரம்புத் தளர்ச்சி என்று முடிவு கட்டி மருந்து எழுதினேன். மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் அவர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். மூன்று முறையும் நான் கண்டது அவர் முகத்தை மட்டுமே. நான்காம் முறை அலைவரிசை சரியாகக் கிடைக்காததால், பேரன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தான். பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். அகலக் கால் வைத்துத் தரையையே பார்த்து நடந்தார். என் நெஞ்சு திடுக்கிட்டது. முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறதா என்று கேட்டேன். “ஆறு மாதமாக அப்படித்தான், ஐயா, நீங்கள் கேட்கவில்லையே” என்றார். இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருந்தது. ஊசி மருந்தால் தள்ளாட்டம் பெரிதும் குறைந்தது. மரத்துப்போதல் முழுவதும் நீங்கவில்லை. முதல் நாளே அவரை எழுந்து நடக்கச் சொல்லியிருந்தால் அதுவும் நீங்கியிருக்கலாம். இன்று என்னிடம் வரும் எவரையும் நடக்கப் பார்க்காமல் நான் மருந்து எழுதுவதில்லை.

ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு, ஒரு நோக்கில் கண்டதை முழு உண்மை என்று சாதிக்கலாகாது என்பது நமது அனேகாந்தவாதம். சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த அந்தக் கொள்கையை, ஒரு பெரியவரின் தள்ளாடிய கால்கள்தாம் எனக்கு மருத்துவத்தில் கற்பித்தன.

இந்நிகழ்ச்சியை ஒட்டி நம் குடும்பங்களுக்குச் சிலவற்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். முதலாவது, பி12 பற்றியது. இச்சத்து இயற்கையில் தாவர உணவில் போதிய அளவு இல்லை. நமக்குப் பாலும் தயிருமே அதன் வாயில். வயது முதிர்ந்தவர்க்கும், மெட்பார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்பவர்க்கும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்தைத் தொடர்ந்து உண்பவர்க்கும் அது மேலும் குறையலாம். கீரையும் காய்களும் மிகுதியாக உண்பவர்க்கு இரத்தசோகை தோன்றாமலே நரம்பும் நினைவாற்றலும் பாதிக்கப்படுவதுண்டு. ஆகையால் மறதியையும் கால் மரத்தலையும் முதுமை என்று ஒதுக்கிவிடாமல் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். இம்மருந்து நுண்ணுயிர் நொதித்தலால் செய்யப்படுவது, புலாலிலிருந்து எடுப்பதன்று. மாத்திரை உறையில் ஜெலட்டின் இருக்குமோ என்று ஐயமிருந்தால், உறையில்லாத மாத்திரையையோ ஊசியையோ கேட்டுப் பெறலாம். அவ்வாறு கேட்பதில் நாணம் வேண்டா. அதனைக் கேட்டு எந்த மருத்துவரும் சினம் கொள்ள மாட்டார்.

இரண்டாவது, நோன்பு பற்றியது. உபவாச நாள்களில் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு வலிப்புடன் மருத்துவமனைக்கு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். பார்க்கின்சன் மருந்தைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானதே. நோன்பை விட்டுவிடுங்கள் என்று கூற நான் வரவில்லை. என் தாயார் இன்றும் கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை. நான் வேண்டுவது, நோன்பை மருத்துவரிடம் மறைக்காதீர்கள் என்பதே. முன்கூட்டியே சொன்னால், பலருக்கு மாத்திரையின் நேரத்தைப் பொழுது சாய்வதற்கு முன்னதாக மாற்றித் தரலாம். நாளுக்கு ஒருமுறை உண்ணும் வகையைத் தரலாம். சிலருக்கு இயலாது, அவர்க்கு அதனையும் எடுத்துச் சொல்வோம். திரையில் மருத்துவரைக் காண்பதில் ஒரு நன்மை, நோன்புக்கு இரண்டு வாரம் முன்னரே பயணச் செலவின்றி இதனைக் கேட்டுக்கொள்ளலாம் என்பது.

மூன்றாவது, திரைக்கு வரக்கூடாத நோய்கள். முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, திடீரென நிலைதடுமாறினாலோ, பார்வை மறைந்தாலோ, முன் எப்போதும் காணாத கடுந்தலைவலி இடிபோல் வந்தாலோ, காய்ச்சலுடன் அறிவு தடுமாறினாலோ மருத்துவரின் கைப்பேசி எண்ணைத் தேடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். விழுங்க முடியுமா என்று அறியாமல் தண்ணீரும் புகட்டாதீர்கள். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. ஐந்து நிமிடத்துக்குள் நிற்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் ஊர்களின் நிலையை நீங்கள் அறிவீர்கள். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்கிறார்கள். ஜினாலயமும் நிலமும் காத்துக்கொண்டு பெற்றோர் ஊரிலேயே இருக்கிறார்கள். என்னைத் திரையில் காணவரும் முதியவர் பலருக்கு, தம் நோயைவிட, அடுத்த முறை யாரை அழைத்து வருவது என்ற அச்சமே பெரிதாக இருக்கிறது. அந்த அச்சத்தை நீக்குவது ஔஷத தானம் மட்டுமன்று; அபய தானமும் ஆகும் என்று நான் கருதுகிறேன்.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. நம்மவர் வாழும் ஊர்களில், சில ஊர்களுக்கு ஒன்றாக, ஓர் அறையை ஒதுக்குவோம். முகத்தில் ஒளி விழும்படி ஒரு நாற்காலி, எழுந்து பத்தடி நடக்க இடம், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் கருவிகள், நல்ல இணைய இணைப்பு, இவை போதும். இவற்றினும் இன்றியமையாதது, பயிற்சி பெற்ற ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ அங்கே இருப்பது. பெரியவரின் மாத்திரைச் சீட்டைப் படித்துக் காட்டவும், கையைத் தூக்கிக் காட்டவும், மருத்துவர் சொன்னதை இரண்டாம் முறை பொறுமையாக எடுத்துரைக்கவும் ஒருவர் வேண்டும். அவ்வறை நம்மவர்க்கு மட்டும் என்றிராமல் ஊரார் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும். பயிற்சியளிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கென ஒதுக்கித் தருகிறேன்.

“என் கையைத் தொடாத நீ எப்படி வைத்தியன்?” என்று கேட்ட அம்மையாருக்கு இப்போது விடை சொல்கிறேன். அம்மா, என் கை அங்கே எட்டாது என்பது உண்மை. உங்கள் அருகில் நின்று உங்கள் கையைப் பற்றிக்கொள்ள ஒருவர் இருந்தால்தான் நான் வைத்தியன். அந்த ஒருவரை ஊர்தோறும் உருவாக்கித் தருமாறு இப்பேரவையை வேண்டி அமர்கிறேன்.